எதிர்ப்பெட்டி

மகள்,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். ஒருநாள் டிக்கட் என்ன விலை, வருடப் பாஸ் என்ன விலை, எத்தனை தரம் போனால் பாஸ் லாபம், வாகனம் நிறுத்துவதிலும் சாப்பாட்டிலும் எவ்வளவு கழியும் என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறாய். பிழை ஒன்றும் இல்லை. பொருளியல் படிப்பிக்கிறவளின் மகள்தான் நீ. ஆனால் அடியில் நாலு பேரின் பெயர் எழுதியிருந்தாய். நீ, மருமகன், பேத்தி, நாலாவதாக நான். "அம்மா, உங்கட படம் ஒண்டு அனுப்புங்க, பாஸுல போடவேணும், இந்த மாசக் கடைசிக்குள்ள எடுத்தாத்தான் மலிவு" என்று குரல் பதிவும் வந்தது. நீ கேட்டது தீம் பார்க்கைப் பற்றி மட்டும் என்றால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆவணியில் உனக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. மருமகனுக்கு இரவு வேலை. நீ கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும்போது மூத்தவளை அந்தப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். ஒரு வருடம் வந்து நில்லுங்கள் என்று நேரே கேட்டால் மறுத்துவிடுவேன் என்று பயந்து, டிக்கட் கணக்குக்குள் வைத்துக் கேட்டிருக்கிறாய். ஆகவே நானும் டிக்கட்டில் இருந்தே தொடங்குகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். பாக்கியம் மாமி பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள், எல்லாம் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. சுனாமிக்கு முந்திய வைகாசியில் ஒருமுறை போட்டிருக்கிறேன். அப்போது நாம் ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலத்தில் இருந்தோம். உனக்கு ஏழு வயது. உன் அப்பாவின் ஒரே தங்கை பாக்கியம் எங்களுக்கு அடுத்த வளவில், கடலுக்குக் கொஞ்சம் கிட்ட. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கஜன் உன் வயது, மதி இரண்டு வயது இளையவள். எங்கள் கண்ணகி அம்மன் கோயிலை நீ மறந்திருக்க மாட்டாய். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும், வைகாசியில் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும், கடைசி நாள் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடி முடிந்ததும் திரும்பப் பூட்டிவிடுவார்கள். அந்த ஒரு கிழமைக்குள்தான் ஊரின் வளையல் கடை, ஐஸ்பழம், ராட்டினம் எல்லாம். ராட்டினக்காரர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்து வருவார். மற்ற நாட்களில் வயல் வட்டையில் நெல் வேலை. வைகாசியில் ராட்டினத்தைக் கழற்றி, பாதைப்படகில் ஏற்றி, வாவியைக் கடந்து கொண்டுவந்து பூட்டுவார். நாலு மரப்பெட்டி வைத்த, கையால் சுற்றுகிற ராட்டினம். மோட்டார் கிடையாது.

அந்த வருடம் அவர் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். ஒருதரம் காசு கொடுத்தால் சடங்கு முடியும்வரை எத்தனை தரமும் ஏறலாம். அடையாளத்துக்கு ஒரு சோடா மூடி. அதைத் தட்டையாக்கி, ஆணியால் துளைத்து, கயிறு கோத்துப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிடுவார். "ஒரு நாளைக்கு எத்தினதரம் ஏறலாம்?" என்று கேட்டேன். "சத்தி எடுக்கிற வரைக்கும், டீச்சர்" என்றார். பாக்கியத்திடம் சொன்னேன், இது ஏமாற்று என்று. பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும், ஒருநாள் மழை பெய்யும், ஒருநாள் காய்ச்சல் வரும், ஒருநாள் நமக்கே போக மனம் இராது, இதையெல்லாம் நினைத்துத்தான் அந்த மனிசன் விலை வைத்திருக்கிறார் என்று. அவள் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மச்சாள், ராட்டினம் ஏறாம இருக்கத்தானாகா நீ கம்பசில படிச்ச?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு மூடி வாங்கினாள். நான் உனக்கு ஒருதரம் ஏறக் காசு கொடுத்தேன். மிச்ச நாளெல்லாம் நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய். கஜன் மேலே போகும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிக் கத்துவான், உன்னைச் சீண்டத்தான்.

என் கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஒருநாள் மழை. மதிக்குக் காய்ச்சல். குளிர்த்திக்கு முன்னரே ராட்டினத்தின் அச்சு ஒடிந்துவிட்டது. பாக்கியம் விடுகிற ஆளா? கோயில் வாசலில் நின்று சண்டை பிடித்தாள். "ரெண்டு நாள் பாக்கி கிடக்கு. ஆரிட்டப் போய் வாங்குற?" "அம்மனிட்டக் கேள் தங்கச்சி. அச்சு ஏன் ஒடிஞ்சதெண்டு அவவுக்குத்தான் தெரியும்." "அம்மனா ராட்டினம் சுத்துறா? நீதானே சுத்துறாய்." சுற்றி நின்றவர்கள் அவள் பக்கம் சேர்ந்ததும் அவர் இறங்கி வந்தார். "சரி, சரி. வாற சடங்குக்கு வந்து ஏறட்டும். மூடியைத் துலைக்காம வைக்கச் சொல்லு." மதியின் கயிறு அறுந்து அவளுடைய மூடி வீட்டில் எங்கோ கிடந்தது. மற்றப் பிள்ளைகள் கழற்றி வைத்த பிறகும் கஜன் தன்னுடையதைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் கழுத்தில் கிடக்கும். அடுத்த வைகாசிக்கு அவன் தயாராக இருந்தான்.

மார்கழியில் கடல் வந்தது. அன்று காலையில் உன் அப்பா இறால் வாங்க வாவிக்கரைக்குப் போகும்போது நம் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். உனக்கு மோட்டார் சைக்கிளில் போக ஆசை, எனக்கு வீட்டில் இருக்க அலுப்பு. அவ்வளவுதான். நாம் தப்பியதற்கு வேறு காரணம் எதையும் நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று என்னிடம் சொன்னவர்களோடு நான் பிறகு அதிகம் கதைக்கவில்லை. பாக்கியம் கிணற்றடியில் நின்றிருக்கிறாள், தண்ணீர் அவளைத் தூக்கிப் பனைமரத்தில் சேர்த்தது. பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டு நின்றார்கள். அவளும் நானும் பாடசாலை வளவில் கிடத்தியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடந்தோம். உன்னை அப்பாவோடு விட்டுவிட்டு வந்தேன், அதனால் உனக்கு இது தெரியாது. முகத்தை வைத்து யாரையும் அறிகிற நிலை அப்போது கடந்துவிட்டது. வாவிப் பக்கம் கண்டல் வேர்களுக்குள் இருந்து எடுத்து வந்த ஒரு பிள்ளையின் கழுத்தில் கயிறும் மூடியும் இருந்தது. பாக்கியம் அந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் இருந்துவிட்டாள். மதி கிடைக்கவே இல்லை.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்த பின்னேரம், முகாமில் கூடாரத்துக்கு வெளியே இருந்தபோது அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. "மச்சாள், நீ அதை வீண்செலவு எண்டு சொன்னாய். அதை வாங்கினபடியால எனக்கு ஒரு பிள்ளையாவது கிடைச்சிது. இல்லாட்டி ரெண்டு பேரையும் தேடிக்கொண்டு திரிஞ்சிருப்பன்." அந்த மூடியை வாங்க வேண்டாம் என்ற என் கணக்குப் பிழை என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, வகுப்பில் ஒரு பொருளின் பயன் என்ன என்ற பாடம் வரும்போது புத்தகத்தில் உள்ளதை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். உதாரணம் சொல்வதில்லை.

இப்போது உன் பகிடிக்கு வருகிறேன். உன் கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு நீ சொல்லிச் சிரித்தாயே, அம்மாவும் மாமியும் ராட்டினம் ஏறி அம்மா சத்தி எடுத்த கதை. அது அடுத்த வைகாசியில் நடந்தது. கோயில் கதவு திறந்தார்கள். ராட்டினக்காரர் புது அச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏறுவதற்குப் பிள்ளைகள் அதிகம் இல்லை. பாக்கியம் அந்த மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். "ரெண்டு நாள் பாக்கி" என்றாள். அவர் மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்னால் பிள்ளை யாரும் நிற்கிறதா என்று பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "வெறும் பெட்டியச் சுத்திவிடட்டா, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டார். "வெறுமையா ஏன்? அவன்ட இடத்தில நான் இருக்கன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெரிய உடம்பு அவளுக்கு. பெட்டி கீழே போய் நின்றுவிட்டது. எதிர்ப் பெட்டியில் பாரம் இல்லாமல் அந்த ராட்டினம் சுற்றாது. ஒற்றையாக யாரும் ஏறினால் எதிரே மண்மூட்டை வைப்பது வழக்கம். அவர் மூட்டையைத் தூக்கியதும் பாக்கியம் வைத்த சத்தம் கோயிலுக்குள் கேட்டிருக்கும். "மண் வைக்காத! மண்ண வைக்காத!" அவர் மூட்டையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க ஏறுங்க."

பட்டதாரி ஆசிரியை, சேலை உடுத்துக்கொண்டு, சின்னப்பிள்ளைகள் உட்காருகிற பெட்டிக்குள் முழங்காலை மடக்கி இருந்தேன். சனம் சிரித்தது. அந்த ஐந்து மாதத்தில் அந்த மணலில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாக இருக்கலாம், அதனால் நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீயும் கைதட்டிச் சிரித்தாய். அவள் மேலே போகும்போது நான் கீழே, நான் மேலே போகும்போது அவள் கீழே. மேலே இருந்து பார்த்தால் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் வீடுகள் இருந்த இடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை. அவர் கொஞ்சம் நிறுத்தப் பார்த்தால், "இன்னும் பாக்கி கிடக்கு, சுத்து" என்பாள். எனக்கு வயிற்றைக் குமட்டியது. இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். அவர் கம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நீங்க இப்ப இறங்கினா அவ பெட்டி அடிச்சு விழும் டீச்சர். அவ போதும், காணும் எண்டு சொல்லும்வரைக்கும் பொறுங்க." நான் பொறுத்தேன். அங்கேயே சத்தி எடுத்தேன், என் சேலையிலேயே. அவள் காணும் என்று சொல்லவில்லை. அவருடைய கை ஓய்ந்துதான் ராட்டினம் நின்றது.

பிறகு அவளுடைய புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. சண்டை திரும்பத் தொடங்கியதும் படுவான்கரைச் சனம் ஓடத் தொடங்கியது, ராட்டினமும் வரவில்லை. உன் அப்பாவை வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனது சண்டை முடிந்த வருடத்து மாசியில். உனக்கு அது நினைவிருக்கிறது, நான் எழுதவில்லை. அந்த வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று சந்தியில் பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். போகிற வருகிறவர்களை மறித்துக் கையில் வைத்தார்கள். வாங்காமல் வர முடியாது. வாங்கிக்கொண்டு வந்து நாய்க்கு வைத்தேன். கொஞ்ச நாளில் கோயில் கதவும் திறந்தார்கள். எல்லா வருடமும் திறப்பதுதானே. ராட்டினக்காரர் வந்திருந்தார், தலையில் ஒரு கச்சான்கடலைக் கூடை மட்டும். "ராட்டினம் எங்க?" என்று பாக்கியம் கேட்டாள். "ஓடின நேரம் எரிச்சுச் சமைச்சம், தங்கச்சி." "பெட்டியும் எரிச்சதா?" "பெட்டியும்தான். முதிரை மரமெல்லோ, நல்லா நிண்டு எரிஞ்சது." அவர் வெட்கப்பட்டதுபோல் சிரித்து அவள் கையில் ஒரு பிடி கச்சான் போட்டார். அவள் அதை என் கையில் கொட்டினாள். அன்றிரவு தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வா என்று நானும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. அது உன் சீதனத்துக்கு என்று கட்டிய வீடு. நீ வளர்ந்தது அவள் சமைத்த சோற்றில். நான் பாடசாலைக்கும், ஒவ்வொரு தடுப்பு முகாமாக உன் அப்பாவைத் தேடியும் போய்வந்த வருடங்களில், உன் தலையை வாரிப் பின்னியது அவள். உனக்கு நான் இதை நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நீ வெளிநாடு போன பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. அவ்வப்போது சுகமில்லை என்று மட்டும் உனக்குச் சொல்லி வந்தேன். கிழமைக்கு இரண்டு தரம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடிய முதல் பஸ். போகும்போது அவள் நடப்பாள், வரும்போது நான் தாங்கிக்கொண்டு வர வேண்டும். வேறு ஆள் இல்லை. காசுக்கு ஒருத்தியை வைக்கலாம் என்று நீ சொல்வாய். வைத்துப் பார்த்தேன். ஊசி குத்தும்போது பாக்கியம் அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டு, மச்சாள் எங்கே என்று கேட்டாளாம்.

உன் பாஸ் விஷயத்தை அவளிடம் சொன்னேன். என் பெயரையும் போட்டிருக்கிறாய் என்பதையும் சொன்னேன். மறைத்தால் முகத்தில் கண்டுபிடித்துவிடுவாள். "எத்தினதரம் ஏறலாமாம்?" "எத்தினதரமும்." "அப்ப வாங்கச் சொல்லு. நீயும் போ, மச்சாள்." "நான் போனா உன்ன ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற?" அவள் சிரித்தாள். "ஆவணிதானே? அதுக்கு முன்னம் நான் போயிருவன். நீ பயப்படாத. உன்ட பாஸ் வீணாப்போகாது." அவள் பகிடியாகத்தான் சொன்னாள். நானும் பகிடியாக எடுத்துக்கொண்டு, போடி என்று ஏசிவிட்டுக் குசினிக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டு பங்குனி, சித்திரை, வைகாசி என்று விரல் மடக்கினேன். மருத்துவர் போனமுறை சொன்னதையும் சேர்த்துப் பார்த்தேன். ஆடிக்குள் என்றால் நான் ஆவணிக்கு உன்னிடம் வந்துவிடலாம். அந்த விரல்களைக் கண்டதும் கையை விரித்துத் தண்ணீரில் கழுவினேன். மகள், நீ என்னை ஆவணிக்கு வரச் சொல்லும்போது இதைத்தான் கேட்கிறாய். உனக்குத் தெரியாது, நீ கேட்க நினைத்ததும் இல்லை. ஆனால் பாஸில் என் பெயர் இருந்தால் நான் ஒவ்வொரு மாதமும் இப்படி விரல் மடக்குவேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். பாஸ் எடுப்பது நல்லதுதான். எத்தனை தரம் போவாய் என்ற உன் கணக்கை நான் நம்பவில்லை. ஆறு மாதம் குளிருக்குப் பூட்டிக் கிடக்கிற இடம், கைக்குழந்தை வேறு, நீ நினைத்ததில் பாதிகூடப் போக மாட்டாய். ஆனால் ஒருநாள் டிக்கட் எடுத்த தாய்தகப்பன், காசு வீணாகிவிடும் என்று அழுகிற பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பொழுதுபடும்வரை எல்லாவற்றிலும் ஏற்றுவார்கள். பாஸ் இருந்தால் போன கையோடு திரும்பி வரலாம். பிள்ளை ஒரு குதிரையில் ஏறிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றால், போவோம் என்று சொல்லலாம். அதற்குத்தான் அந்த விலை. பாஸ் எடுத்துவிட்டோமே என்று மட்டும் போகாதே, கொடுத்த காசு திரும்பி வராது. பிள்ளையின் உயரம் போதாது என்று எதிலாவது தடுத்தால், அடுத்த வருடம் ஏறலாம் என்று அவளுக்குச் சொல்லாதே. இன்றைக்கு இல்லை என்று மட்டும் சொல். நீ சின்னதில் எதைக் கேட்டாலும் அம்மா காரணம் சொல்லாமல் இல்லை என்பாள் என்று குறை சொல்லியிருக்கிறாய். அடுத்த வருடம் என்ற சொல் என் வாயில் வரவில்லை, அதுதான் காரணம்.

பிள்ளை பிறக்கும்போது தாய் பக்கத்தில் இல்லையே என்று நீ அழுவாய். அழு. என்னில் கோபமாக இரு. கொஞ்சக் காலம் பேசாமல் இருந்தாலும் நான் தாங்குவேன். படம் அனுப்பவில்லை. உங்களுடைய பார்க்கில் ராட்டினம் மோட்டாரில் சுற்றுகிறது என்று நினைக்கிறேன், ஒரு இருக்கை வெறுமையாக இருந்தாலும் அது நிற்காது. இங்கே இருப்பது கையால் சுற்றுகிறது. பாக்கியம் இன்னும் காணும் என்று சொல்லவில்லை. மூன்று பேருக்கு வாங்கு.

அம்மா